மரியோ காசுச் சத்தம்: எங்கள் பெட்டியில் கேட்டது வேறு

பழைய டிவி கேமிலிருந்து ஒரு சத்தத்தை மட்டும் தனியாக எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். யாரோ விளையாடி யூடியூபில் ஏற்றிய வீடியோவை இறக்குவது, ஒலியை மட்டும் பிரிப்பது, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து பின்னால் ஓடும் பாட்டை அமுக்கப் பார்ப்பது. அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஆடாசிட்டியில் இருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி, மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்காகச் செய்யப்பட்டது. பாட்டு நொடிக்கு நொடி மாறுவது. அதை நீக்கப் போனால் நமக்கு வேண்டிய சத்தமும் சேர்ந்து தேய்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும்.

இப்போது பாட்டையும் குரலையும் பிரிக்கிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். டீசர் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், ஃபேஸ்புக் ஆய்வுக்குழுவின் டெமுக்ஸ் இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் அவை பழகியது மனிதக் குரல், டிரம்ஸ், பேஸ் கிடார் என்று உலகத்துப் பாட்டுகளில் உள்ளதைப் பிரிக்க. மரியோவின் பாட்டும் மரியோ காசு எடுக்கும் சத்தமும் ஒரே சில்லில், ஒரே மாதிரி அலையில் பிறந்தவை. எது பாட்டு, எது சத்தம் என்று அந்தக் கருவிக்குத் தெரிய வழியே இல்லை.

நான் இந்த வேலைக்குள் வந்தது அக்கா மகனால். பள்ளிக்கூடத்தில் ஸ்க்ராட்ச் நிரலாக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவன் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறான். தென்பெண்ணையாற்றில் வெள்ளம் வருகிறது, ஒரு பையன் தென்னை மரத்துக்கு மரம் தாவி, மிதந்து வரும் தேங்காய்களைப் பிடிக்க வேண்டும். அந்த ஆற்றோரத்தில் இருக்கும் எங்கள் சோரியாங்குப்பத்துப் பிள்ளைக்கு வேறு என்ன கதை தோன்றும்! தேங்காயைப் பிடித்தால் ஒரு சத்தம் வேண்டும் என்று வந்து நின்றான்.

“மாமா, மரியோ காசு எடுத்தா ஒரு சத்தம் வரும்ல, அது மட்டும் வேணும். பின்னாடி பாட்டு வரக்கூடாது.”

அவன் கேட்டது சின்ன விஷயம். அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் சத்தம் பிறக்கும் இடத்துக்கே போக வேண்டும்.

நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. அதன் மூளை ரிக்கோ 2ஏ03 என்ற சில்லு. கணக்குப் போடும் வேலையும் ஒலி எழுப்பும் வேலையும் அந்த ஒரே சில்லுக்குள். ஒலிக்கு மொத்தமே ஐந்து தடம்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், பிறகு சின்னச் சின்னப் பதிவுகளை ஓட்ட ஒரு தடம். முக்கோண அலைக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதிகூடக் கிடையாது. ஒன்று ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். பாட்டு, குதிக்கும் சத்தம், செங்கல் உடையும் சத்தம், ஆள் சாகும் சத்தம் எல்லாம் இந்த ஐந்துக்குள்தான் அடங்க வேண்டும்.

அடங்காதபோது என்ன செய்வார்கள்? பாட்டிலிருந்து ஒரு தடத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். 1985 செப்டம்பர் 13 அன்று வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். கோஜி கோண்டோ இசையமைத்த அந்த விளையாட்டு மொத்தமும், படம், பாட்டு, எட்டு உலகங்கள் எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட். அதில் மரியோ குதிக்கும் சத்தம் முதல் சதுர அலையில் வரும். காசுச் சத்தம் இரண்டாவது சதுர அலையில். செங்கல் உடைவது இரைச்சல் தடத்தில். மரியோ குதிக்கிற ஒவ்வொரு முறையும் பாட்டின் ஒரு குரல் நின்றுபோகிறது. சத்தம் முடிந்ததும் பாட்டு அதுவரை எங்கே போயிருக்குமோ அங்கிருந்து தொடர்கிறது. சின்ன வயசில் முழு நாளும் விளையாடியும் எனக்கு இது தெரியாது. காது மற்ற குரல்களை வைத்துப் பாட்டை நிரப்பிக்கொள்கிறது. ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது.

ஒலி வேலை தெரிந்த நண்பர் ஒருவர் வேறு யோசனை சொன்னார். “பாட்டு மட்டும் ஓடுற பதிவு ஒண்ணு, பாட்டும் சத்தமும் சேர்ந்த பதிவு ஒண்ணு எடுங்க. ஒண்ணைத் தலைகீழாப் புரட்டி இன்னொண்ணு மேல வெச்சா பாட்டு அடிபட்டுப் போயிடும், சத்தம் மட்டும் நிக்கும்.” சினிமாப் பாட்டில் கரோக்கியை வைத்துக் குரலைத் தனியாக எடுக்க இது ஒரு வழி. இங்கே இது சரிவராது. காசுச் சத்தம் பாட்டின் மேல் ஏறி உட்காரவில்லையே, பாட்டின் ஒரு குரலை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது. கழித்துப் பார்த்தால் காசுச் சத்தத்தோடு, அந்த நேரத்தில் ஒலித்திருக்க வேண்டிய பாட்டின் சுரமும் தலைகீழாக வந்து நிற்கும். போதாக்குறைக்கு அந்தச் சில்லு ஐந்து தடங்களையும் நேர்க்கூட்டலாகக் கலப்பதில்லை. ஒரு தடத்தின் அளவு கூடினால் அதோடு சேர்ந்து வெளியே வரும் இன்னொரு தடத்தின் அளவு கொஞ்சம் அமுங்கும். அதனால் மீதி இருக்கும் குரல்களும் முழுசாக அடிபட்டுப் போகாது.

ஆனால் கழித்தலைக் கெடுத்த அதே விஷயம்தான் நமக்குச் சுத்தமான சத்தத்தைத் தருகிறது. காசுச் சத்தம் ஒலிக்கும் நேரம் முழுக்க இரண்டாம் சதுர அலையில் வேறு எதுவுமே இல்லை. பாட்டு விலகி நிற்கிறது. மற்ற நான்கு தடங்களையும் வாயடைத்துவிட்டால் நம் கையில் கிடைப்பது கலப்பே இல்லாத காசுச் சத்தம். எதையும் நீக்க வேண்டியதில்லை; வெட்டினால் போதும்.

செய்முறையைச் சொல்கிறேன். பழைய பெட்டியைப் போலவே கணினியில் கேமை ஓட்டும் மெசன் என்ற எமுலேட்டர் இலவசம். அதன் ஒலி அமைப்பில் ஐந்து தடங்களுக்கும் தனித்தனி அளவுகோல் இருக்கிறது. முதல் சதுர அலை, முக்கோணம், இரைச்சல், பதிவு நான்கையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். ஒலிப்பதிவை ஓடவிட்டு 1-1 மேடையைத் தொடங்குங்கள். ஆரம்பத்திலேயே தனியாக ஒரு கேள்விக்குறிக் கட்டை வரும், அதற்குள் இருப்பது ஒரே ஒரு காசு. அங்கே நின்று குதியுங்கள். குதிக்கும் சத்தமும் கட்டையில் தலை இடிக்கும் சத்தமும் முதல் சதுர அலை, அதைத்தான் அடைத்துவிட்டோமே. பதிவில் பாட்டின் மெட்டு மட்டும் ஒற்றைக் குரலாக ஓடும், சட்டென்று அது நின்று காசு ஒலிக்கும், மறுபடி மெட்டு. பல காசு தரும் கட்டையிலோ வரிசையாகக் காசு இருக்கும் இடத்திலோ எடுக்காதீர்கள். முதல் காசின் வால் அடங்குவதற்குள் அடுத்த காசு ஆரம்பித்துவிடும்.

கேமே இல்லாமல் ஒலியை மட்டும் ஓட்ட இன்னொரு வழியும் உண்டு. கெவின் ஹார்ட்டன் வகுத்த என்எஸ்எஃப் என்ற கோப்பு முறை. கேசட்டிலிருந்து பாட்டுக்கான நிரலை மட்டும் உருவி எடுத்து, முன்னால் 128 பைட் தலைப்பு ஒட்டிவைத்தது. அதை ஓட்டும் பிளேயர்களிலும் தடங்களைத் தனித்தனியாக அடைக்கலாம். சில என்எஸ்எஃப் கோப்புகளில் பாட்டுகள் முடிந்த பிறகு சத்தங்களும் தனித்தனி எண்ணில் வரிசையாக வரும்; அப்படி ஒன்று கிடைத்தால் வெட்டும் வேலைகூட மிச்சம்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். வெட்டும் இடம் அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முன்னாலும் பின்னாலும் ‘டிக்’ என்று ஒரு கடி விழும். சேமிப்பது வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 ஆக்கினால் சதுர அலையின் கூரான முனை மழுங்கும், தொடக்கத்தில் ஒரு சின்ன வெற்றிடமும் சேரும். கேமில் காசைத் தொட்ட கணத்தில் ஒலிக்க வேண்டிய சத்தத்துக்கு அந்த வெற்றிடம் ஆகாது.

வெட்டி எடுத்த காசுச் சத்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் அமைப்பு அவ்வளவு எளிமை. இரண்டே சுரம். முதலாவது ஏறக்குறைய 988 ஹெர்ட்ஸ், இரண்டாவது 1319 ஹெர்ட்ஸ். இரண்டாவதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் முதலாவது கீழ்ப் பஞ்சமம். ‘ப’ என்று தொட்டு மேல் ‘ச’வில் போய் நிற்பது. ‘ப’ ஒலிப்பது ஐந்து ஃபிரேம் (டிவியில் ஒரு படம் வந்துபோகும் நேரம் ஒரு ஃபிரேம்), ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதி நேரம் முழுக்க ‘ச’ நீண்டு தேய்கிறது. மொத்தம் 53 ஃபிரேம், ஒரு நொடிக்கும் கொஞ்சம் குறைவு. தேய்வதும் சில்லே தானாகச் செய்வது. நிரல் ஒரு எண்ணை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சுரத்தைப் பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்கு ஏற்றி நிறுத்தினால் கேட்பவருக்கு ஏதோ கைக்கு வந்துவிட்ட நிறைவு வரும் என்பதை இவ்வளவு சிக்கனமாகச் செய்ததைப் பார்த்து எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

பையனுக்குப் போட்டுக் காட்டினேன். அவனுக்குப் பரம திருப்தி. அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

“என்னடா இது? நம்ம வீட்டு மரியோ இப்படி இருக்காதே.”

“அதேதான்கா. ஜப்பான் ஒரிஜினல்.”

“ஒரிஜினலோ என்னவோ. நம்மளுது இவ்ளோ வேகமா வராது. சத்தமும் கொஞ்சம் மூக்கால பேசுற மாதிரி இருக்கும்.”

முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு ஆள் இதைச் சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம். ஞாபகம் அல்லவா, பிசகும். ஆனால் பரணிலிருந்து எங்கள் பழைய கேம் பெட்டியை இறக்கிப் பார்த்தபோது அக்கா சொன்ன இரண்டுமே சரி என்று தெரிந்தது.

தொண்ணூறுகளில் நம் பக்கத்து வீடுகளில் ஓடியது நின்டெண்டோ இல்லை. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பெட்டிக்கு ஒரு பெயர். சென்னைக்குப் போனவர்கள் பர்மா பஜாரில் வாங்கி வந்த பெயரில்லாத பெட்டிகள் இன்னும் நிறைய. கேசட்டின் மேல் 9999 கேம் என்று அச்சடித்திருக்கும், உள்ளே அதே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். மரியோ, காண்ட்ரா, சர்க்கஸ் சார்லி, ரோட் ஃபைட்டர், டேங்க். டிவி இருந்த வீட்டில் பெட்டி இருக்காது, பெட்டி இருந்த வீட்டில் டிவியைப் பெரியவர்கள் தரமாட்டார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா வாங்கி வந்த பெட்டி ஒன்று இருந்ததால் தெருவே எங்கள் கூடத்தில் இருக்கும்.

திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெரிய சில்லின் முதுகில் யூஏ6527பி என்று அச்சு. தைவானின் யுஎம்சி நிறுவனம் ரிக்கோ சில்லைப் பார்த்துச் செய்த நகல். பக்கத்தில் படம் காட்டும் யூஏ6538. இந்த ஜோடி ரஷ்யாவில் டென்டி என்ற பெயரில் விற்ற பெட்டிக்குள்ளும் இருந்தது. அதனால் எமுலேட்டர் எழுதுபவர்கள் இந்த வகை ஓட்டத்துக்கே டென்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் என்ன வித்தியாசம் என்றால், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் காட்டும். இந்தியாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் 50. மரியோவின் பாட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி நகர்கிறது. ஆகவே நம் பெட்டியில் பாட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் போகும். சுருதி மட்டும் இறங்காது. ஏனென்றால் சுருதியை முடிவு செய்வது சில்லின் கடிகாரம். ஜப்பான் பெட்டியில் அது 1.79 மெகாஹெர்ட்ஸ், யுஎம்சி ஜோடியில் 1.77. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கூர்ந்த காதுக்குத்தான் தெரியும். ஐரோப்பாவுக்கென்று நின்டெண்டோ செய்த பெட்டியில் கடிகாரமே 1.66 ஆகக் குறைந்தது. அதற்கென்று திருத்தாத கேசட்டைப் போட்டால் பாட்டு மெதுவாவதோடு அரைச்சுரத்துக்கும் மேல் இறங்கிவிடும். புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் உள்ள வீட்டுக்கு அங்கிருந்து ஒரு பெட்டி வந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைக்கும் எனக்கும் ஞாபகத்தில் இருக்கும் மரியோ இரண்டு வேறு சுருதியாக இருக்கும்.

ஆக, அக்கா சொன்ன வேகம் கணக்கோடு பொருந்திவிட்டது. நம் பெட்டியில் ‘ப’ ஒலிப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு. முழுச் சத்தத்துக்கும் நிரல் ஒதுக்கும் நேரம் ஒரு நொடிக்கு மேல். இன்னொரு நுணுக்கமும் உண்டு. சத்தம் தேய்வதைச் சில்லு தன் கடிகாரப்படி செய்கிறது, அது மெதுவாவதில்லை. சத்தம் முடிந்தது என்று முடிவு செய்வது நிரல், அது படத்துக்குப் படம் எண்ணுவதால் மெதுவாகிறது. விளைவு, ஜப்பான் பெட்டியில் சத்தம் தேய்ந்து முடிவதும் பாட்டு திரும்புவதும் ஏறக்குறைய ஒரே நேரம். நம் பெட்டியில் சத்தம் முழுக்க அடங்கி, அந்தத் தடம் ஒரு கணம் சும்மா நின்று, அதன்பிறகுதான் பாட்டு திரும்புகிறது. பின்னால் எமுலேட்டரில் டென்டி முறையில் எடுத்த பதிவில் அந்த வெற்றுக்கோட்டைப் பார்த்தபோது, எத்தனை ஆயிரம் முறை இதைக் கேட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூக்கால் பேசுவதுதான் இதைவிட சுவாரசியம். சதுர அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை அந்தச் சில்லில் நான்கு விதமாக வைக்கலாம்: 12.5, 25, 50, 75 சதவீதம். யுஎம்சி நகல்களில் பலவற்றில் 25-ம் 50-ம் இடம் மாறிப் போயிருக்கின்றன. கேம் 50 கேட்டால் சில்லு 25 தரும். மரியோவின் காசு கேட்பது 50. பாதி மேலே பாதி கீழே என்று நிற்கும் அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள்தான் இருக்கும், கிளாரினெட்டைப் போல. கால்வாசி மட்டும் மேலே நிற்கும் அலையில் இரட்டைப்படை மேற்சுரங்களும் புகுந்துகொள்ளும், நாதஸ்வரத்தைப் போல. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டில் ஒரு கீர்த்தனையைக் கேட்டுவிட்டு அதையே நாதஸ்வரத்தில் கேட்டுப் பாருங்கள். சுரம் ஒன்றுதான், தொண்டை வேறு. ஜப்பான் பிள்ளைகள் கேட்ட காசு கிளாரினெட் பக்கம். நாங்கள் கேட்டது நாதஸ்வரம் பக்கம். அக்காவின் காது அதை முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

இங்கேதான் என் எண்ணம் மாறியது. இணையத்தில் கிடைக்கும் மரியோ சத்தத் தொகுப்புகள் பெரும்பாலும் ஜப்பான், அமெரிக்கச் சில்லின் சத்தங்கள். சுத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாகூர், வில்லியனூர், கடலூர் பக்கத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை கேட்டது அவை இல்லை. ரிக்கோ சில்லின் ஒலியை உலகமே பத்திரப்படுத்துகிறது. யுஎம்சி நகலின் ஒலி நம் பரண்களில் இருக்கும் பெட்டிகளோடு போய்விடக்கூடியது. அதை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

எங்கள் கேசட்டுகள் ஏற்கெனவே ஒருமுறை தண்ணீரில் கிடந்தவை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து கொட்டித் தீர்த்தது. அதற்கடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, ஆற்றோரத்து ஊர்களில் ஏறியது. பெட்டி பரணில் இருந்ததால் தப்பித்தது. கேசட்டுகள் கீழே அலமாரியில் இருந்தன. வண்டல் புகுந்து, அவற்றின் தங்க நிறப் பட்டைகள் கறுத்துப் போயிருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்து, நிழலில் காயவைத்தேன். வாயால் ஊதுவது நம் எல்லோருக்கும் கைவந்த வைத்தியம். அது எச்சில் ஈரத்தைத் தெளித்துத் துருவை வரவழைக்கும், விட்டுவிடுங்கள்.

நிஜப் பெட்டியிலிருந்து பதிவெடுப்பது எமுலேட்டர் மாதிரி சுலபமில்லை. தடங்களை அடைக்கும் வசதி அங்கே கிடையாது, ஐந்தும் கலந்தேதான் வெளியே வரும். அதனால் பாட்டு இல்லாத இடமாகத் தேட வேண்டும். அதற்கு டேங்க் கேம் ஒரு வரம். நாம்கோ 1985-ல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. நம் கேசட்டுகளில் டேங்க் 1990 என்ற மாற்றிய வடிவமும் வரும். ஆரம்பத்தில் ஒரு சின்ன மெட்டு ஒலித்து முடிந்ததும் அந்த மேடை முழுக்கப் பாட்டே கிடையாது. டேங்க் நிற்கும்போது ஓர் உறுமல், நகரும்போது வேறு உறுமல், குண்டு பாய்வது, செங்கலில் படுவது, எஃகில் படுவது. சத்தங்களைத் தனியாக எடுக்க வந்தவனுக்கு வாசல் திறந்துவைத்த மாதிரி. நான் மரியோவுக்கு முன்னால் இதை வைத்துத்தான் கம்பிகளையும் அளவுகளையும் சரிபார்த்தேன்.

பெட்டியின் பின்னால் வெள்ளை ஆர்சிஏ துளையிலிருந்து லேப்டாப்பில் செருகிய சின்ன யூஎஸ்பி ஒலி அட்டைக்கு ஒரு கம்பி. ஆன்டெனா வழி வரும் ஒலியை எடுக்காதீர்கள், அதில் படத்தின் சத்தமும் கலந்திருக்கும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பாதி ‘உம்’ அடங்கிவிடும். மீதி பாதி ஊரைப் பொறுத்தது. எங்கள் ஊரில் ஆற்றோரக் கொல்லைகளில் மோட்டார் ஓடும்போது எடுத்த பதிவில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கோடு போட்டதுபோல் தெரிந்தன. மோட்டார் நின்ற பிறகு இரவில் எடுத்தால் கோடு மெலிந்துவிடுகிறது. காசுச் சத்தத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. அது 900 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் 300-க்குக் கீழே உள்ளதை மொத்தமாக அறுத்துவிடலாம். டேங்கின் உறுமலுக்கு அப்படிச் செய்ய முடியாது. அதன் உயிரே கீழேதான் இருக்கிறது, அறுத்தால் டேங்க் கொசு மாதிரி ஆகிவிடும். அதற்கு இரவில் உட்காருவதுதான் ஒரே வழி.

மரியோவின் காசைக் கலப்பில்லாமல் பெட்டியிலிருந்து நேராக எடுக்க முடியவில்லை. அதற்கு ஒரு பக்கவழி இருக்கிறது. மெசனில் வட்டாரம் என்ற இடத்தில் டென்டியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒலி அமைப்பில் சதுர அலையின் 25-ஐயும் 50-ஐயும் இடம் மாற்றும் பொத்தானும் இருக்கிறது, பழைய நகல் பெட்டிகளைப் போல ஒலிக்க என்றே வைத்தது. இரண்டையும் போட்டு மறுபடி 1-1, மறுபடி அந்தக் கேள்விக்குறிக் கட்டை. வந்த சத்தத்தையும் பெட்டியிலிருந்து வந்த கலப்புப் பதிவையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். நீளம் பொருந்தியது, தொண்டையும் பொருந்தியது. அக்காவைக் கூப்பிட்டு, எது எது என்று சொல்லாமல் ஜப்பான் காசையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

“ரெண்டாவது. அதான் நம்மளுது,” என்றாள். யோசிக்கவேயில்லை.

தேங்காய்க் கேமுக்கு இந்த இரண்டில் எதையும் நான் கொடுக்கவில்லை. மரியோவின் சத்தம் நின்டெண்டோவின் சொத்து. வீட்டில் கேட்டுப் படிக்கலாம், ஆராயலாம். நாலு பேர் இறக்கி விளையாடப் போகும் கேமில் அதை ஒட்டவைக்கக் கூடாது. பையன் முகம் சுருங்கியது. ஆனால் சத்தத்தைப் பிரித்துப் பார்த்ததால் அது எப்படிச் செய்யப்பட்டது என்று இப்போது அவனுக்குத் தெரியுமே! 2007-ல் லூடம் டேர் என்ற கேம் உருவாக்கும் போட்டிக்காக டாக்டர்பெட்டர் என்பவர் எழுதிய எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சின்ன மென்பொருள் இருக்கிறது, இப்போது உலாவியிலேயே ஓடும் வடிவங்களும் உண்டு. சதுர அலை, அது மேலே நிற்கும் பங்கு, தேயும் வேகம், நடுவில் சுரம் தாவும் இடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நகர்த்தி. அவனே உட்கார்ந்து நகர்த்தினான். மரியோ ‘ப’விலிருந்து ‘ச’வுக்குப் போகிறதே, நான் ‘ச’விலிருந்து ‘ப’வுக்குப் போகிறேன் என்றான். பங்கை மட்டும் 25-ல் வைக்கச் சொல்லி அவன் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய் பிடிக்கும் சத்தம் தயார். இப்போது தேங்காயைத் தவறவிட்டால் தண்ணீரில் விழும் சத்தத்துக்கு இரைச்சல் தடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.

என் பக்கத்தில் டேங்கின் சத்தங்கள் எல்லாம் நிஜப் பெட்டியிலிருந்தே எடுத்து முடித்துவிட்டேன். மரியோவில் குதிக்கும் சத்தம் சின்ன மரியோவுக்கு ஒன்று, பெரிய மரியோவுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கிறது. இரண்டையும் டென்டி முறையிலும் ஜப்பான் முறையிலும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். சர்க்கஸ் சார்லியும் ரோட் ஃபைட்டரும் பாக்கி.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி இருந்தால் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் நாலு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நீளமான சில்லுகள் தனித்தனியாக இருந்து ஒன்றின் முதுகில் யூஏ6527பி என்று இருந்தால் அது நான் சொன்ன வகை. சில்லுக்குப் பதில் பலகையில் கறுப்புப் பிசின் பொட்டு மட்டும் இருந்தால் அது பிந்தைய காலத்து ஒற்றைச் சில்லுப் பெட்டி. அதன் ஒலி இன்னொரு விதமாக இருக்கலாம், அதனால் அதற்கும் தனிப் பதிவு வேண்டும். அடாப்டரைச் செருகும் முன் அது எத்தனை வோல்ட் என்றும், கூட்டல் கழித்தல் முனை எது என்றும் பெட்டியின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் கேசட்டைப் போட்டு, முதல் மேடையில் நகராமல் பத்து நொடி, நகர்ந்து பத்து நொடி, வெள்ளைத் துளையிலிருந்து வேவ் கோப்பாகப் பதிவெடுங்கள். கோப்பின் பெயரில் சில்லின் எண்ணையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.